உள்ளே எத்தனை பேர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் சௌக்கியமா? உன்னைக் கேட்பதைவிட அதைக் கேட்பது மேல். நீ பொய் சொல்வாய், அது சொல்லாது. உன் பையன், மருமகள், பேத்தி வாண்டு எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இந்தக் கிளைக்கு மாற்றிய பிறகு எனக்கு அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். ஈ ஓட்டுகிறேன். ஈயும் மத்தியானத்துக்கு மேல்தான் வருகிறது.

எங்கள் கம்பெனி லிஃப்ட் இந்த ஊரில் ஒரு காலத்தில் நிறைய ஓடியதாம். இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு நகைக்கடை, ஒரு துணிக்கடை, ஒரு பழைய அலுவலகக் கட்டடம். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், அங்கே இருக்கிற போனை எடுத்ததும் என் மேஜையில் மணி அடிக்கும். என்ன பேச வேண்டும் என்று மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருக்கிறது. உள்ளே எத்தனை பேர்? வெளிச்சமும் காற்றும் இருக்கிறதா? யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? மூன்றையும் கேட்டுவிட்டு, மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, “ஆள் கிளம்பிவிட்டார். கதவை நீங்களாகத் திறக்க முயல வேண்டாம். நான் லைனிலேயே இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். கதவு திறக்கும்வரை போனை வைக்கக்கூடாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அட்டை மனப்பாடம் ஆகிவிட்டது. மாட்டிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. யாராவது மாட்டட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியாது, பாவம்.

இந்த போனில் நான் வெளியே பேசக்கூடாது. லைன் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உன் வீட்டிலும் போன் இல்லை. ஆகவே தபால்காரரே நமக்குக் கதி.

மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனதும் அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. காலையில் அவர் நாற்காலியிலும், மத்தியானம் என் நாற்காலியிலும், சாயங்காலம் வாடிக்கையாளர் நாற்காலியிலும் உட்கார்ந்துகொள்கிறேன். அப்போதுதான் அலுவலகத்தில் ஆள் நடமாட்டம் இருப்பதுபோல் இருக்கிறது. வெயில் முகத்தில் அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன். தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். செருப்பை வைத்து ஆளை ஊகிப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் ஆசிரியர். விரல் நுனியில் சுண்ணாம்பு என்றால் பெயிண்டர். சரியா தப்பா என்று சொல்ல யாருமில்லாததால் எல்லாமே சரிதான்.

உடனே பதில் போடு.

அன்புத் தம்பி

----

பிப்ரவரி 19

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்காலும் நலம் என்றே எழுதச் சொல்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை.

சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, வெட்கமாக இல்லை? கல்யாணம் பண்ணிக்கொள், பண்ணிக்கொள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் இன்றைக்கு மூன்று நாற்காலியோடு குடித்தனம் நடத்த வேண்டாம்.

எனக்கானால் மூச்சு விட நேரமில்லை. பையன் எந்நேரமும் ஆபீஸ் ஆபீஸ் என்று பறக்கிறான். மருமகள் சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறாள். வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மேல் வரிசையில், நடுவில், இடது பக்கம். அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள். குட்டித் தாத்தாவுக்கு, அதாவது உனக்கு, தபாலில் அனுப்பச் சொன்னாள். அழுதாலும் அனுப்ப மாட்டேன் என்றேன்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் மக்கர். உங்கள் கம்பெனிச் சரக்கு இல்லையாம், விசாரித்துவிட்டேன். இருந்திருந்தால் நாலு மாடி ஏறி இறங்குகிற ஒவ்வொரு படிக்கும் உன்னைத் திட்டியிருப்பேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. ஷட்டரைத் தூக்கிவிட்டு முகத்தைப் பார்.

அக்கா

----

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டு கிடைத்தது. இரண்டுக்கும் நன்றி. நலமாக இருக்கிறேன்.

நகைக்கடைக்காரர் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார். இனி இரண்டு லிஃப்ட். வேலைப்பளு குறைந்துவிட்டது என்று சிரிக்காதே.

மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னேனா? அவருக்கு இங்கே ஸ்பேனர் என்றுதான் பெயர். வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். பின்னறையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்துக்கொள்வார். விழித்திருக்கும்போது கருவிகளைத் துடைப்பார். நேற்றுத் துடைத்ததையே இன்றும் துடைப்பார். ஒரு நாள் நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கருவியாக இருவரும் துடைத்தோம். சாயங்காலம் எழுந்தபோது, “நல்லா வேலை செஞ்சோம் சார்” என்றார். அந்த வார்த்தை இரண்டு நாள் தெம்பாக இருந்தது.

மேனேஜர் அறையில் ஒரு பிளாஸ்டிக் செடி இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை இலை இலையாகக் குளிப்பாட்டுகிறேன். மணிக்கு ஒருமுறை போனை எடுத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று காதில் வைத்துக் கேட்க வேண்டும். கொர்ர் என்று ஒரு சத்தம் வரும். நாள் முழுக்க எனக்கு வருகிற ஒரே பதில் அதுதான்.

வாண்டுவின் பல்லை அனுப்பியிருக்கலாம். மேஜையில் வைத்துக்கொண்டிருப்பேன்.

அன்புத் தம்பி

----

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கைக்கு வந்ததா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? வேலை அதிகமாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே மணி அடித்தது. நிஜமாகவே அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. பழைய அலுவலகக் கட்டடத்தில் ஒரு கணக்காளர் விடுமுறையிலும் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அட்டை மனப்பாடம் என்று பீற்றிக்கொண்டேன் இல்லையா, அதைப் பார்த்துத்தான் படித்தேன். உள்ளே எத்தனை பேர் என்றேன். “ஒருத்தன்தாங்க” என்றார், என்னமோ அதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஸ்பேனரை அனுப்பிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். அவர் மனைவி தவறிப்போய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் ஆபீசுக்கு வந்துவிடுவாராம். செய்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பென்சில் சீவுவாராம். எனக்குத் தெரிந்த வேலை என்றேன். இருவரும் சிரித்தோம்.

கதவு திறந்த சத்தம் எனக்கே கேட்டது. ஸ்பேனர் அவரைக் கூப்பிடுவதும் கேட்டது. ஆனால் மனுஷர் போனை வைக்கவில்லை. வெளியே போகலாமே சார் என்றேன். “போகலாம், போகலாம். நீங்க சொல்லிட்டிருந்ததை முடிச்சிருங்க” என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்தது பிளாஸ்டிக் செடியைப் பற்றி, அக்கா. அதை முடிக்கிறவரைக்கும் திறந்த லிஃப்டுக்குள்ளேயே நின்று கேட்டார். ஏன் அப்படி நின்றார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எழுது. ஒரு வரியாவது எழுது.

அன்புத் தம்பி

----

ஏப்ரல் 27

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எழுதி வைத்ததைப் பெட்டியில் போட ஆள் கிடைக்கவில்லை. இதைப் பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். எனக்குக் கீழே இறங்கி வர எங்கே நேரம்? எல்லோரும் நலம். நானும் நலம்.

கணக்காளர் கதையை மறுபடியும் மறுபடியும் படித்தேன். கதவு திறந்த பிறகும் ஏன் போனை வைக்கவில்லை என்று ஆச்சரியப்படுகிறாய். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவரை ஒருநாள் உன் ஆபீசுக்குக் கூப்பிடு. மூன்று நாற்காலியில் ஒன்றையாவது கொடு.

கால்களைப் பற்றி இந்தத் தடவை ஏன் எழுதவில்லை? எனக்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லோருடைய தலைதான் தெரிகிறது. காலையில் ஒரு வழுக்கைத் தலை பையோடு போகும், சாயங்காலம் பையில்லாமல் திரும்பும். அந்தப் பையில் அப்படி என்ன என்று மண்டையைக் குடைகிறது. நீ கால் பார்க்கிறாய், நான் தலை பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறுவான்.

இங்கே ஒரே இரைச்சல். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

நிறைய எழுது. பக்கம் நிறைய எழுது.

அக்கா

----

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பது அறிந்து நிம்மதி. நானும் அப்படியே. ஆனால் இன்றைக்குக் கால் கதை இல்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும். மூன்று நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

துணிக்கடையும் போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு லிஃப்ட். செப்டம்பரோடு கிளையை மூடுகிறார்கள். எனக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று தலைமை அலுவலகம், உன் ஊரில். இன்னொன்று கம்பெனியின் சாமான் கிடங்கு. அது எங்கேயோ நெடுஞ்சாலை ஓரத்தில், சுற்றிலும் ஒரு வீடு கிடையாதாம். கிடங்குக்குள்ளேயே தங்க ஓர் அறை உண்டு. ஜூலை முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உன் ஊருக்கு வரத்தான் எனக்கு ஆசை. தனியாக இருந்து பழகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அது அவ்வளவு உண்மையில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு அறைக்குப் போனால் அங்கே கேட்பதற்குக் கொர்ர் என்ற சத்தம்கூடக் கிடையாது. உன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை போதும் அக்கா. மருமகளுக்குத் தொந்தரவு இல்லாமல் இருந்துகொள்வேன். அவள் சாவியையும் தேடிக் கொடுப்பேன். நேரம்தான் இருக்கிறதே.

பையனிடமும் கலந்து பேசிவிட்டுச் சொல். உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்கு எழுதுவேன்.

தம்பி

----

ஜூன் 20

தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை. நீ கேட்டதை யோசித்தேன். இப்போதைக்குச் சரிப்படாது என்று தோன்றுகிறது. மருமகளின் அம்மா வந்து தங்கப்போகிறாள். வீட்டில் கால் வைக்க இடமில்லை. வாண்டு வேறு வளர்ந்துவிட்டாள், தனி அறை கேட்கிறாள். மேல் வரிசையில் நடுப்பல், இடது பக்கம், விழுந்துவிட்டது என்று இரண்டு நாளாக ஒரே ஆர்ப்பாட்டம்.

நீ உனக்கு எது நல்லதோ அதைச் செய். என்னைப் பற்றி யோசிக்காதே.

அக்கா

----

ஜூலை 1

அக்காவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உன் சிரமம் புரிகிறது. நான் கேட்டிருக்கவே கூடாது. கிடங்குக்குச் சம்மதம் என்று ஆபீசுக்கு எழுதிவிட்டேன். அங்கே வேலை அதிகம் இல்லையாம். எனக்குத்தான் நல்ல அனுபவம் இருக்கிறதே.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி

----

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியதற்கு மன்னித்துவிடு. இதையும் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

வேலை இருக்கிறவன் ஒரு கடிதத்தை ஒருமுறை படிப்பான். நான் உன் கடிதங்களை மேனேஜர் நாற்காலியில் ஒருமுறை, வாடிக்கையாளர் நாற்காலியில் ஒருமுறை என்று இந்த மாதம் முழுக்கப் படித்தேன். முதலில் என்னை ஏன் வேண்டாம் என்றாய் என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடினேன். என் தப்பு கிடைக்கவில்லை. வேறு ஒன்று கிடைத்தது.

வாண்டுவுக்கு மேல் வரிசையில் நடுவில் இடது பக்கத்துப் பல் பிப்ரவரியில் விழுந்தது. தீப்பெட்டியில் போட்டு வைத்தாள். அதே பல் ஜூனில் மறுபடியும் விழுந்திருக்கிறது. என்ன குழந்தை அக்கா அது?

மூச்சு விட நேரமில்லாத உனக்கு ஜன்னலில் உட்கார்ந்து தலை பார்க்க எப்படி நேரம் வந்தது? காலையில் போகிற வழுக்கையைச் சாயங்காலம் திரும்புகிறவரை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? நான் பார்ப்பேன். என்னைப் போல ஒருத்தர் பார்ப்பார். அத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஒரு கடிதத்தைப் பெட்டியில் போடப் பால்காரர் எதற்கு?

நான் வேறொன்றும் கேட்கவில்லை. அட்டையில் முதலில் இருக்கிற கேள்வியை மட்டும் கேட்கிறேன்.

உள்ளே எத்தனை பேர்?

தம்பி

----

ஆகஸ்ட் 5

என் தம்பிக்கு,

கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

உள்ளே ஒருத்திதான்.

வெளிச்சம் இருக்கிறது. காற்றுக்கும் குறைவில்லை. நாலாவது மாடி இல்லையா.

உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல முடியாது. முழங்கால்தான். நீ சொன்னது சரி, அதற்குப் பொய் சொல்ல வராது.

பையனுக்கு மார்ச்சில் வேலை மாற்றலாகிவிட்டது. தூர ஊர். என்னையும் கூப்பிட்டான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது சின்ன இடம். கூப்பிடும்போது அவன் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கென்னடா, என் தம்பி இருக்கான் பாத்துக்க, நீ கிளம்பு என்று அனுப்பிவைத்தேன். உன்னிடம் பையன் இருக்கிறான் என்று எழுதினேன். இரண்டு பேரையும் நிம்மதியாக வைத்துவிட்டு நான் இங்கே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் போன அடுத்த வாரம் லிஃப்ட் ஒரேயடியாக நின்றுவிட்டது. யார் சரி பண்ணுவது என்று வீட்டுக்காரர்களுக்குள் சண்டை. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஏப்ரலில் ஒருநாள் ரோஷமாகப் படியிறங்கிவிட்டேன். தெருவில் கொஞ்சம் நடந்தேன். நன்றாக இருந்தது. ஏறி வரும்போது மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து, மூன்றாவது மாடியில் முடியாமல் அழுதுவிட்டேன். பார்க்க யாருமில்லை. அதற்குப் பிறகு நான் இறங்கவே இல்லை. காய்கறியும் மருந்தும் வீட்டு வேலைக்கு வருகிற பெண் வாங்கி வருகிறாள், அவள் வருகிற நாளில். கடிதத்தைப் பால்காரர் மறக்காத நாளில் கொண்டுபோவார். இரைச்சல் என்று எழுதினேனே, அது பக்கத்து வீட்டு ரேடியோ. அவர்களும் ஜூனில் காலி பண்ணிவிட்டார்கள்.

நீ வந்து இருக்கிறேன் என்று எழுதிய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் திண்டாடினேன். நீ வரக்கூடாது என்று நினைக்கவில்லை தம்பி. நீ வந்தால் பொய் தெரிந்துபோகும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் உனக்குப் புத்தி சொல்லியே பழகியவளுக்கு, தனியாக இருக்கிறேன், பயமாக இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை. வாண்டுவின் பல்லைக்கூட இரண்டு தடவை பிடுங்கினேன். புதிதாகச் சொல்ல எனக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

நீ கிடங்குக்கு எழுதிவிட்டாய். அது என் தப்பு. வருத்தப்பட்டு எழுதுகிறேனே தவிர, எதையும் கேட்கவில்லை. கடிதம் மட்டும் நிறுத்தாதே. அந்தக் கணக்காளர் மாதிரிதான் நானும். போனை வைக்க மனசு வரவில்லை.

அக்கா

----

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. படித்து முடித்ததும் அந்த போனை எடுத்தேன். கொர்ர் என்று கேட்டது. வழக்கமாக வைத்துவிடுவேன். இன்றைக்கு நம்பரைச் சுற்றினேன். இங்கே வந்ததிலிருந்து முதல் தடவை. தலைமை அலுவலகத்தில் எடுத்தவர் பதறிப்போய், “என்ன சார், யாராவது மாட்டிக்கிட்டாங்களா?” என்றார்.

“ஆமா. எங்க அக்கா” என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். கிடங்கு வேண்டாம், உங்களிடமே வருகிறேன் என்றேன். அவர் யாரையோ கேட்டு, அவர் இன்னொருத்தரைக் கேட்டு, கடைசியில் சரி என்றார்கள். இங்கே மிச்சமிருக்கிற ஒரு லிஃப்டின் லைனைப் பக்கத்து ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் நான் இங்கே உட்கார்ந்திருந்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

கணக்காளரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பிளாஸ்டிக் செடியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாரம் ஒருமுறை குளிப்பாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஸ்பேனருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கருவிப்பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார். அது வேறு கம்பெனி லிஃப்ட் என்று நினைவுபடுத்தினேன். “எந்தக் கம்பெனியா இருந்தா என்ன சார், கயிறு கயிறுதானே” என்றார். வீட்டுக்காரர்கள் சண்டையை அவர் பார்த்துக்கொள்வாராம். நான் சாமான் கட்டி முடிப்பதற்குள் இரண்டு தடவை வந்து மணி பார்த்துவிட்டார்.

இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா தெரியவில்லை. முந்தினால் படித்துவிடு. பிந்தினால் நானே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். உன் வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை.

படியிறங்கி எதிரே வந்து நிற்காதே. ஏறி வருவது எங்கள் வேலை. பயமாக இருந்தால் ஜன்னலில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிரு. ஒரு நரைத்த தலை, பக்கத்தில் எண்ணெய்த் துணி கட்டிய இன்னொரு தலை. பையில் என்ன இருக்கிறது என்று மண்டையைக் குடைய வேண்டாம்.

ஆள் கிளம்பிவிட்டார், அக்கா. கதவை நீயாகத் திறக்க முயல வேண்டாம். நான் லைனிலேயே இருக்கிறேன்.

தம்பி